குளிர்கடலில் குதிக்க ஒரு சட்டை



1912 ஏப்ரல் 15 விடியற்காலையில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது சுமார் 1,500 பேர் இறந்து போனார்கள். எல்லோரும் மூச்சுத் திணறி மூழ்கித்தான் செத்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்களில் பலர் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு தண்ணீருக்கு மேலேயே மிதந்தவர்கள். அவர்கள் உயிரை எடுத்தது குளிர்தான். அந்த இரவில் கடல்நீர் ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி செல்சியஸ்.

காரணம் நம் முதலாண்டு ஃபிசிக்ஸ் பாடத்திலேயே இருக்கிறது. தண்ணீர் காற்றைவிட சுமார் 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். உடம்புச் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே போகும்.

அப்படிப்பட்ட தண்ணீரிலும் ஆசைப்பட்டு மூழ்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்ற பாறைப்பிளவில் ஆண்டு முழுவதும் தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதான். ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ விரிகுடாவில், 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களில் சில இன்றும் அடியில் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க மூழ்குபவர்கள் போடுவதுதான் டிரைசூட், அதாவது நனையாத சட்டை. நம்ம ராமேஸ்வரம் கடலுக்கு இது தேவையே இல்லை. ஆனால் கையில் காசு குறைவாக உள்ள ஒருவர் இதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்த்தால், அதில் டிப்ளமோ படிக்கும் நமக்கும் நல்ல பாடம் இருக்கிறது.

ஏன் வெட்சூட் போதாது?

வெட்சூட் என்பது நியோப்ரீன் ரப்பர். அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன வாயுக்குமிழ்கள்தான் சூட்டைக் காக்கின்றன. பாயில் விதியை நினைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் அழுத்தம் 1 பார். 10 மீட்டரில் 2 பார். 30 மீட்டரில் 4 பார். ஆழம் போகப் போகக் குமிழ்கள் நசுங்கி, சட்டை மெலிந்து போகும். எங்கே குளிர் அதிகமோ அங்கே காப்பு குறைகிறது! டிரைசூட்டில் தண்ணீர் உள்ளே வராது. உடம்புக்கும் சட்டைக்கும் நடுவே காற்று நிற்கும். நெஞ்சிலுள்ள வால்வு வழியாகச் சிலிண்டர் காற்றைச் சேர்க்கலாம்; இடது தோளருகே உள்ள வால்வு வழியாக வெளியேற்றலாம்.

எந்தத் துணி?

முதல் வகை, மூன்றடுக்குத் துணி. இரண்டு செயற்கைத் துணிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் படலம். 1823-ல் சார்லஸ் மாக்கின்டாஷ் மழைக்கோட்டுக்குக் காப்புரிமை வாங்கியதும் இதே யோசனைக்குத்தான். இந்தத் துணி தனியாகச் சூடு தராது. உள்ளே போடும் உள்ளாடைதான் சூடு தரும். ஆனால் எடை குறைவு, சீக்கிரம் காயும். குளிருக்குத் தகுந்தபடி உள்ளாடையை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை, நியோப்ரீன். தானே சூடு தரும், உடம்போடு ஒட்டி வளைந்து கொடுக்கும். ஆனால் காய நேரமாகும், கனம், ஓட்டை விழுந்தால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஆழத்தில் இதுவும் நசுங்கும்.

வெயில் காலம், பனிக் காலம் இரண்டுக்கும் ஒரே சட்டை வேண்டும் என்பவருக்கு மூன்றடுக்குத் துணியே கட்டுபடியாகும் என்பது என் கணக்கு.

விலைச்சீட்டில் வராத செலவு

சட்டை விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போட்டால் ஏமாந்துதான் போவோம். உள்ளாடை, தலைக்கவசத் துணி, கையுறை, கூடுதல் ஈயக்கட்டி, பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர வேண்டும். உள்ளாடை பருத்தியாக இருக்கவே கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும். சட்டை நனையாமலே ஆள் நடுங்குவார்.

அடுத்து தேய்மானம். கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள சீல்கள் லேடெக்ஸ் என்றால் மலிவு, நன்றாக இழுபடும். ஆனால் வெயிலில் வெடிக்கும், சில வருஷத்தில் மாற்ற வேண்டும். நியோப்ரீன் சீல் அதிக நாள் உழைக்கும். மாற்றுவதற்கு அதிகம் செலவு வைப்பது ஜிப். உலோக ஜிப்புக்கு மெழுகு தடவ வேண்டும், மடக்கி வைக்கவே கூடாது. சட்டையை மடக்கும்போது ஜிப் கூர்மையாக மடங்கினால் உடையலாம்.

பழசு வாங்கலாமா?

தாராளமாக, ஆனால் சோதித்து. சீலை மெல்ல இழுத்துப் பாருங்கள்: பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஜிப்பின் பற்கள் ஒரே வரிசையில் இருக்கிறதா, ஓரத்துணி கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கழுத்தையும் மணிக்கட்டையும் அடைத்து, காற்று நிரப்பி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. நம்ம தெரு சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான்! துணியில் சின்ன ஓட்டை என்றால் ஒட்டுப்போட்டுவிடலாம். ஜிப் போயிருந்தால் யோசிக்க வேண்டும்.

புதுசோ பழசோ, உள்ளாடையோடு போட்டுப் பார்ப்பது கட்டாயம். உட்கார்ந்து எழுந்து பாருங்கள், கையைத் தலைக்கு மேலே நீட்டுங்கள், முதுகுச் சிலிண்டர் வால்வைத் தொட முடிகிறதா பாருங்கள். கை எட்டவில்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். கழுத்துச் சீல் ரொம்ப இறுக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வரும். அளவுக்குத் தகுந்தபடி கத்தரித்துக்கொள்ள வேண்டும். பெரிய சைஸ் சட்டையும் ஆபத்துதான். தேவையில்லாத காற்று கால்பக்கம் ஏறி, ஆளைத் தலைகீழாக்கி மேலே தூக்கிவிடும். வேகமாக மேலே வந்தால் நுரையீரலும் ரத்தமும் தாங்காது. அதனால்தான் பயிற்சி எடுக்காமல் கடலில் இறங்கக்கூடாது. எதைக் குறைத்தாலும் பயிற்சிக் காசைக் குறைக்காதீர்கள்.

நண்பர்களே, நாலு கடை ஏறி இறங்கி ஒரு பொருள் வாங்கும் வீட்டிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். அந்தப் பழக்கத்தோடு இன்னும் மூன்று கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம். இதில் முதலில் தேய்வது எது? அதை மாற்ற எவ்வளவு ஆகும்? அது பழுதானால் ஆபத்து யாருக்கு? நாளைக்கு நாம் ஒரு பம்ப்பையோ பாய்லரையோ தேர்ந்தெடுக்கும் இடத்தில் உட்காரும்போதும் இதே மூன்று கேள்விதான். விலையை எல்லோரும் கேட்பார்கள். மற்றதைக் கேட்கத்தானே நாம் படிக்கிறோம்!

– இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்