இனிப்பு நீருக்கு நூற்றுக்கு நூறு வேண்டாம். ஒவ்வொரு படியாக இறங்கினால் போதும்

அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டால், அதற்கு முந்திய இரண்டு மூன்று நாள்கள் பல வீடுகளில் ஒரு மாற்றம் தெரியும். தேநீரில் சீனி இருக்காது. இரவில் சோறு இருக்காது. மாலையானால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடக்கவும் கிளம்பிவிடுவார்கள். பரிசோதனை முடிந்த அன்று காலையிலேயே, பக்கத்துக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் மேசைக்கு வந்துவிடும்.

ஆனால், மருத்துவர் முடிவைப் பார்த்துவிட்டு, “காலை இரத்தத்தில் சீனி பரவாயில்லை. மூன்று மாத அளவுதான் 9க்கு மேல் இருக்கிறது” என்கிறார். வந்தவருக்கு மனம் உடைந்துவிடுகிறது. ‘இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் பயனில்லை. இனி எதற்குப் பத்தியம்?’ என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். இனிப்பு நீர் நோயாளிகள் பலர் விழும் குழி இதுதான். இருந்தால் முழுக் கட்டுப்பாடு, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

இது நம் சமூகத்தின் தலைவாசலில் நிற்கும் பிரச்சினை. மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மற்ற இனங்களைவிட இதுவே அதிகம்.

உடம்பு எப்படிக் கணக்கு வைக்கிறது?

மூன்று மாத அளவு எனப்படும் எச்பிஏ1சி பரிசோதனையை ஏமாற்ற முடியாததற்குக் காரணம் இருக்கிறது. இரத்தத்தில் உள்ள சீனி, சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதுவரை ஒட்டிய சீனி அதிலேயே இருக்கும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். அதனால்தான் மூன்று நாள் பட்டினி இந்தக் கணக்கில் எடுபடுவதில்லை.

இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. தீபாவளிக்கு மூன்று நாள் முறுக்கும் அதிரசமும் சாப்பிட்டதால் மூன்று மாத அளவு பெரிதாகப் புரண்டுவிடாது. அந்த மூன்று நாளுக்குப் பிறகு, ‘அதுதான் கெட்டுவிட்டதே’ என்று மீதி நாள்களையும் விட்டுவிடுவதுதான் கெடுக்கிறது. நாலாம் நாள் காலையில் பழைய ஒழுங்குக்குத் திரும்பியவருக்கு அதிக நட்டமில்லை.

ஒரு புள்ளி குறைந்தாலும் லாபம்

சராசரியைச் சிறிது குறைப்பதால் என்ன பயன் என்ற கேள்விக்கு பிரிட்டனில் நடந்த ஒரு நீண்ட ஆய்வு விடை தந்தது. 1977இல் தொடங்கிய அந்த ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் கணக்கின்படி, மூன்று மாத அளவு ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களிடம், அதாவது 9க்குப் பதில் 8 என்று இருந்தவர்களிடம், கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்க் கோளாறுகள் 37 விழுக்காடு குறைவாக இருந்தன. இனிப்பு நீர் தொடர்பான மரணங்கள் 21 விழுக்காடு குறைவாக இருந்தன.

‘இந்த அளவுக்கு வந்தால்தான் பலன்’ என்று ஒரு கோடு அந்த ஆய்வில் தென்படவில்லை. 10இலிருந்து 9க்கு வந்தவருக்கும் பலன் உண்டு. 8இலிருந்து 7க்கு வந்தவருக்கும் உண்டு.

அப்படியானால் ஒரேயடியாக இயல்பான அளவுக்கே இறக்கிவிடலாமே என்று தோன்றும். மருத்துவர்களும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நீண்ட காலம் இனிப்பு நீர் இருந்து, இருதய நோய் ஆபத்தும் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு மருந்துகளைக் கூட்டி, மூன்று மாத அளவை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். மற்றப் பிரிவினருக்கு 7க்கும் 8க்கும் இடையில் இருந்தால் போதும் என்று விட்டார்கள். கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில்தான் மரணங்கள் அதிகமாயின. 2008 பிப்ரவரியில் அந்தக் கடுமையான சிகிச்சை பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

ஆகவே எல்லாருக்கும் ஒரே இலக்கு இல்லை. இளையவர் ஒருவருக்கு 6.5 என்று சொல்லும் மருத்துவர், பல நோய்கள் உள்ள 75 வயதுப் பாட்டிக்கு 8 போதும் என்று சொல்லலாம். உங்கள் இலக்கு எவ்வளவு என்பதை அடுத்த முறை கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடப்பதும் ஆபத்தானது. சீனி திடீரென இறங்கி, வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். பத்தியம் இருக்கிறோம் என்று மருந்தைத் தாமாகவே நிறுத்துவதும் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு நான்கு கோப்பை தேநீர் குடிப்பவர், கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி சீனியைக் குறைத்தால், ஒரு மாதத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ சீனி உடம்புக்குள் போகாது. நாக்கு அதற்குப் பழகியதும் இன்னொரு கரண்டியைக் குறைக்கலாம். கடையில் ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லத் தொடங்கி, மெல்ல மெல்ல ‘தே ஓ கோசோங்’ வரை வரலாம். டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்பவர்கள் ‘வெயிலில் உழைக்கிறோம், எல்லாம் கரைந்துவிடும்’ என்பார்கள். உழைப்பு நல்லதுதான். ஆனால், வேலைக்காட்டுக்குக் கொண்டுபோகும் போத்தலில் இனிப்புத் தேநீர் இருந்தால், நாள் முழுக்கச் சீனி ஏறிக்கொண்டே இருக்கும். தினமும் ஒரு போத்தலையாவது வெறும் தண்ணீராக மாற்றினால் அது ஒரு படி.

அடுத்தது தட்டு. சுகாதார அமைச்சு ‘சுகு சுகு செபாரோ’ என்று சொல்லும் முறை எளிதானது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். சோற்றை விட வேண்டியதில்லை. மூன்று அகப்பை சோறு சாப்பிடுபவர் முதலில் இரண்டரைக்கு வந்து, குறைந்த இடத்தில் கீரையையோ வெண்டைக்காயையோ வைத்தால் போதும்.

இப்படிப்பட்ட சிறு மாற்றங்கள் நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களுக்கும் பலன் தருமா? சென்னையில், இனிப்பு நீரின் வாசலில் நின்ற 531 பேரிடம் மூன்று ஆண்டுகள் ஆய்வு நடந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவிலும் நடைப்பயிற்சியிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 விழுக்காட்டுக்குக் குறைந்தது. அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. எடை இறங்கவில்லை என்று நடப்பதை நிறுத்தியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வேலையை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது. இரவில் படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் பார்க்க வேண்டும். நரம்பு மரத்துப்போனால் செம்பனை முள் ஏறினாலும் தெரியாது. காலை இழந்த பலரின் கதை இப்படிக் கவனிக்காத ஒரு சிறு புண்ணில்தான் தொடங்கியது. குனிந்து பார்க்க முடியாத பெரியவர்களுக்கு, வீட்டில் இருக்கும் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பார்த்துச் சொல்லலாம்.

அப்பாவின் கிளினிக் புத்தகத்தில் மூன்று மாத அளவு 9.2இலிருந்து 8.6 ஆகியிருந்தால், “இன்னும் இவ்வளவு இருக்கிறதே” என்று வீட்டில் யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் அரைப் புள்ளிக்கு மேல் இறங்கியிருக்கிறார். அதைச் சொல்லிப் பாராட்டினால், அடுத்த பரிசோதனைக்கு 8 என்று வந்து நிற்பார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.