பத்திரத்துக்கு எண் இருந்தது, அறக்கட்டளைக்கு இல்லை

நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. தேர்தல் அறக்கட்டளைகள் தங்களிடம் சேர்ந்த நிதியில் 95 விழுக்காட்டை அதற்குள் கட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: கொடுத்தவர் பெயரை மறைத்துக் கட்சிக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரத்தைத்தான் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்துவிட்டதே, மின்சார, எண்ணெய் நிறுவனங்கள் இன்னும் எந்த வழியில் கட்சிகளுக்குப் பணம் தருகின்றன?

நேரடியாகவும் தரலாம். ஆனால் பெரிய நிறுவனங்கள் பல அறக்கட்டளை வழியைத்தான் விரும்புகின்றன.

அறக்கட்டளை என்றால் என்ன?

நன்கொடையை வெளிப்படையாக்கும் ஏற்பாடு என்று சொல்லி மத்திய அரசு 2013-இல் கொண்டுவந்த திட்டம் இது. நிறுவனங்களிடம் பணம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தருவது மட்டுமே இதன் வேலை. ரொக்கம் வாங்கக் கூடாது. யார் கொடுத்தார்கள், எந்தக் கட்சிக்கு எவ்வளவு போனது என்ற இரண்டு பட்டியல்களையும் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். அவை ஆணையத்தின் இணையதளத்திலும் வெளியாகின்றன.

அப்புறம் என்ன மறைகிறது?

இரண்டு பட்டியலுக்கும் இடையிலான தொடர்பு மறைகிறது. பல வாய்க்கால் நீர் ஏரியில் கலந்து மதகுகள் வழியே வெளியேறினால், எந்த வயலுக்குப் பாய்ந்தது எந்த வாய்க்கால் நீர் என்று யாராலும் சொல்ல முடியாது. புரூடென்ட் போன்ற பெரிய அறக்கட்டளையில் பல நிறுவனங்களின் பணம் அப்படித்தான் கலக்கிறது. ஒரே குழுமத்தின் அறக்கட்டளை என்றால் ஓரளவு ஊகிக்கலாம்.

நேரடியாக நன்கொடை தரும் நிறுவனம், நிறுவனச் சட்டத்தின் 182-ஆம் பிரிவுப்படி, கட்சியின் பெயரைத் தன் கணக்கில் எழுத வேண்டும். அறக்கட்டளை வழியாகத் தந்தால், அறக்கட்டளைக்குக் கொடுத்த தொகையைக் காட்டினாலே போதும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2013 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. ஆகவே பங்குதாரர் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் கட்சியின் பெயர் கிடைக்காது.

தேர்தல் பத்திரத்தைவிட இது மேல் அல்லவா?

ஒரு வகையில் மேல்தான்; கொடுத்தவர் பெயராவது ஆண்டுதோறும் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு பத்திரத்திலும் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று இருந்தது. நீதிமன்றம் கண்டித்த பிறகு, 2024 மார்ச் 21 அன்று, பத்திரங்களை விற்ற பாரத ஸ்டேட் வங்கி அந்த எண்களை ஒப்படைத்தது. அதன் பிறகுதான் ஹால்டியா எனர்ஜி என்ற மின் நிறுவனம் வாங்கிய 377 கோடி ரூபாய் பத்திரங்கள் எங்கே போயின என்று தெரிந்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, அப்போது மேற்கு வங்கத்தை ஆண்ட திரிணமூலுக்குப் போயிருந்தது. மீதியில் பெரும்பகுதி மத்தியில் ஆளும் பாஜகவுக்கு. கொல்கத்தாவுக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனமும் ஹால்டியா எனர்ஜியின் குழுமத்தையே சேர்ந்தது. அதன் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில ஒழுங்குமுறை ஆணையம். அந்த ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. கைம்மாறு நடந்தது என்பதற்கு இது சான்றாகாது. ஆனால் எண் கிடைத்ததால்தான் கேள்வி கேட்கவே வழி பிறந்தது.

அறக்கட்டளைப் பணத்தில் அப்படி எந்த எண்ணும் இல்லை. நாளை உச்ச நீதிமன்றமே கேட்டாலும் கொடுப்பதற்கு அப்படி ஓர் எண் இருக்காது. என்னை உறுத்துவது இதுதான்.

அரசிடம் காரியம் சாதிக்கும் 'லாபி' வேலைக்குக் கணக்கு உண்டா?

இல்லை. அமெரிக்காவில் இருப்பதுபோல் பதிவுச் சட்டம் இங்கே கிடையாது. எந்தக் கொள்கைக்காக வாதாடினோம் என்று சொல்வதை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் அறிக்கைப் படிவம் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. சோதனை எண்ணெய்க் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. காவிரிப் படுகை கொதித்தது. அந்தக் கருத்துக்கேட்பை நீக்கும்படி வேதாந்தாவின் எண்ணெய் நிறுவனமான கெய்ர்ன் வலியுறுத்தி வந்தது என்ற செய்தி 2023-இல்தான், அதுவும் ஓசிசிஆர்பி என்ற புலனாய்வுச் செய்தியாளர் அமைப்பின் வழியாக வெளிவந்தது.

ஓஎன்ஜிசி, என்டிபிசி நன்கொடை தரலாமா?

கூடாது, அரசு நிறுவனங்களுக்குத் தடை.

உச்சவரம்பு?

முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு. இந்த வரம்பு 2017-இல் நீக்கப்பட்டது, பத்திரத் தீர்ப்பால் மீண்டது.

பங்குதாரர் ஒப்புதல் வேண்டுமா?

வேண்டாம், இயக்குநர் குழுவின் தீர்மானம் போதும்.

வருமான வரிச் சலுகை?

குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்காத நிறுவனங்களுக்கு முழுத் தொகைக்கும் உண்டு.

என்ன செய்தால் சரியாகும்?

எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று வரிக்கு வரி எழுத அறக்கட்டளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டும், 2013 சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். கட்டணம் கட்டும் ஒவ்வொரு மின்நுகர்வோரும் இதைக் கேட்கலாம்.