சாக்கில் கிடக்கும் இன்ஜின் பாகம்: வெட்டுமுன், விற்குமுன், வாங்குமுன்

பழைய காரின் மிச்சம் என்று சாக்கில் கட்டிப் போட்ட இன்ஜின் பாகங்கள் பல வீடுகளின் பின்கட்டில் கிடக்கின்றன. தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் அதை எடுத்துப்போய்க் காட்டினால் ஒரு மெக்கானிக் ‘அம்பாசிடர் சாமான்’ என்பார். ஆன்லைனில் படம் போட்டால், ‘இது பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருடையது, நான் எடுத்துக்கறேன்’ என்று ஒருவர் வருவார். சில நேரம் இரண்டுமே உண்மைதான். ஏமாற்றுவதற்கு வசதியான இடமும் அதுதான்.

அம்பாசிடரில் வெகுகாலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ குடும்பம். 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் அதே குடும்பம், அதே 1489 சி.சி. நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இப்படித்தான். அதன் 948 சி.சி. இன்ஜினின் போரை (சிலிண்டர் துளையின் விட்டத்தை) பெரிதாக்கிய 1147 சி.சி. வடிவம்தான் 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் இருந்தது. ஆக, ஹெரால்டு பாகத்தை ஸ்பிட்ஃபயர் பாகம் என்று விற்க ஒருவருக்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை.

ஆனால் அளவு பொய் சொல்லாது. இரண்டு இன்ஜினுக்கும் ஸ்ட்ரோக் 76 மி.மீ.தான், போர் மட்டும் ஹெரால்டில் 63, ஸ்பிட்ஃபயரில் 69.3 மி.மீ. பிஸ்டனைத் துடைத்து வெர்னியர் வைத்தால் ஒரு நிமிட வேலை. போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டியிருந்தாலும் ஒன்றரை மி.மீ. கூடும், அவ்வளவுதான். 63 போய் 69 ஆகிவிடாது. லேத் பட்டறை வைத்திருக்கும் யாரும் இதை அளந்து தருவார்.

அடுத்தது எழுத்தும் எண்ணும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள், கிரைண்டர் வேண்டாம். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் பாக எண்ணும் தயாரித்த ஆண்டைக் காட்டும் எண்ணும் குத்தியிருக்கும். எஸ்.யூ. கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பர் மூடி ஸ்க்ரூவில் ஒரு சின்ன அலுமினியத் தகடு தொங்கும். எந்தக் காருக்கு என்று சொல்வது அந்தத் தகடுதான். கார்புரேட்டரைப் பிரிக்கும்போது பலர் முதலில் தூக்கிப் போடுவதும் அதைத்தான்! ஒரு எச்சரிக்கை: வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் வேறு, பாக எண் வேறு. ஒரே வார்ப்பைக் கடைந்து இரண்டு மூன்று மாடலுக்குப் பாகம் செய்வார்கள். புடைப்பு எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

என்னவென்று தெரியாமல் வெட்டுவது பணத்தைவிடப் பெரிய இழப்பில் கொண்டுவிடும். ஆல்ஃபா ரோமியோ, போர்ஷே போன்ற ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின்கள் சிலவற்றில் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு குழலாக இருக்கும்; சூடு இறங்குவதற்காக உள்ளே சோடியம் உலோகம் அடைத்திருப்பார்கள். சோடியம் தண்ணீரைக் கண்டால் சீறி எரியும், வெடிக்கவும் செய்யும். கூலன்ட் தண்ணீர் ஓட லேத்தில் அறுத்தாலோ, பழைய இரும்போடு உலையில் போட்டாலோ என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வழக்கத்தைவிடத் தண்டு பருமனான வால்வைக் கண்டால் வெட்டாமல் தனியே வையுங்கள். அந்தக் காலத்து ஹெட் கேஸ்கெட், கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஏர் அடித்துத் தூசி கிளப்பாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசி தரும் நுரையீரல் நோய் இருபது முப்பது ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும்.

முழு இன்ஜின் வாங்குபவர் பிளாக்கில் உள்ள எண்ணை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். எண் தேய்க்கப்பட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் திருட்டு வண்டியா என்று சரிபார்க்கலாம். ஐம்பது ஆண்டு தாண்டிய காருக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி பெரிதும் மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். கிடைத்த இன்ஜினை மாட்டிவிட்டு அந்தப் பதிவு கேட்க முடியாது.

‘செகண்ட்ஸுக்குப் பில் கிடையாது, கேரண்டி கிடையாது’ என்பது கடைகளில் வழக்கமான பேச்சு. கேரண்டி தராமல் போகலாம். பில் தர மறுப்பதும், பழையதை அல்லது ரீகண்டிஷன் செய்ததைப் புதிது என்று விற்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் ‘பிஸ்டன் – 4’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்தக் கார், எந்த மாடல், என்ன பாக எண் என்று எழுதி வாங்குங்கள். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்.

ஏமாந்துவிட்டால், எழுத்தில் கடைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளைச் சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கியிருந்தாலும், தருமபுரியில் வசிப்பவர் தருமபுரியிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. விற்று லாபம் பார்க்க வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்குப் பட்டறை நடத்துபவர் அதில் பயன்படுத்த வாங்கியிருந்தால் வழக்குத் தொடுக்கலாம். பாகத்தை ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பக்கூடும் என்பதால் அதைக் கடையாமல், வெல்டிங் வைக்காமல் அப்படியே வைத்திருங்கள். ஆன்லைனில் அட்வான்ஸ் அனுப்பி ஏமாந்தவர்கள் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணத்தை முடக்க நேரம்தான் முக்கியம்.

நுகர்வோர் வழக்குக்குக் காலவரம்பு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.