இராப்பொழுதைக் கணக்கிடும் பயிர்கள்

பயிருக்கு ஒளி இரு வகையில் பயன்படுகிறது. ஒன்று, இலைகளில் உணவு ஆக்குதல்; மற்றொன்று, பூக்கும் பருவத்தை அறிவித்தல். உணவு ஆக்க வலிய ஒளி வேண்டும். பருவத்தை அறிவிக்கவோ மிக மெல்லிய ஒளியும் போதும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதினால் விளைச்சலில் இழப்பு நேரும்.

நெல்லியாம்பதி மலையடிவாரத்திலுள்ள கொல்லங்கோட்டு வயல்களை எடுத்துக்கொள்வோம். அங்கு ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 30 நிமிடம். வேறுபாடு ஒன்றேகால் மணி நேரமே. எனினும், பாலக்காட்டுப் பகுதியின் பழைய முண்டகன் நெல் வகைகள் இதனை உணர்ந்தே கதிர் விடுகின்றன. பகல் சுருங்கி இரவு நீளும் ஐப்பசி, கார்த்திகையில் அவை பூக்கும். அவற்றைச் சித்திரையில் விரிப்புப் பருவத்தில் விதைத்தால் தழை மட்டும் ஓங்கி வளருமேயன்றிக் கதிர் வாராது. காலந்தாழ்த்தி நட்டாலோ, போதிய தூர் கட்டுமுன்னரே பூத்துவிடும், விளைச்சல் குன்றும். பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஜோதி போன்ற வகைகள் இரவின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே இரு பருவங்களிலும் பயிராகின்றன.

இவ்வியல்பை அறிய உதவிய முதற் செடிகளுள் கஞ்சாவும் ஒன்று. பிரான்சு நாட்டின் துர்னுவா என்பார், கஞ்சாச் செடியும் ஹாப்ஸ் கொடியும் குறுகிய பகலில் விரைந்து பூப்பதை 1912இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு இருவரும் 1920இல் புகையிலை, சோயா முதலியவற்றிலும் இதனை நிறுவினர். 1938இல் ஹாம்னர், பானர் ஆகியோர் மருளூமத்தைச் செடியைக் கொண்டு மேலும் ஆராய்ந்தனர். பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கியபோது செடி வழக்கம்போல் பூத்தது. இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பாய்ச்சியபோது பூக்கவில்லை. எனவே செடி அளவிடுவது பகலையன்று, இடையறாத இருளையே என்பது தெளிவாயிற்று.

இலையிலுள்ள பைட்டோக்ரோம் என்னும் நிறமி இவ்வேலையைச் செய்கிறது. செவ்வொளி பட்டதும் அது செயல்படும் வடிவத்தை அடைந்து, குறும்பகற் செடிகள் பூப்பதைத் தடுக்கிறது. நீண்ட இருளில் அவ்வடிவம் குறைந்து, தடையும் நீங்குகிறது.

நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ் ஒளி தரும். 10 லக்ஸ் அளவான விளக்கொளியால் பயிர் உணவு ஆக்க இயலாது. ஆயினும் அது இரவு முழுதும் நெல்லின்மேல் பட்டால் கதிர் வரத் தாமதமாகும். வயலோரத் தெருவிளக்கின் அடியில் மட்டும் நெல் பச்சையாக நிற்பதன் காரணம் இதுவே. இதனை உரக் குறைவென்றோ நோயென்றோ எண்ணி உழவர் வீண்செலவு செய்யாதவாறு களப்பணியாளர் தடுத்தல் வேண்டும். விளக்கிற்கு மறைப்பிட்டு ஒளியைச் சாலைப்பக்கம் திருப்புவதே தக்க பரிகாரம்.

வயலில் தொல்லை தரும் இவ்விளைவையே குடிலில் மலர் வளர்ப்போர் பயனாக்கிக்கொள்கின்றனர். செவ்வந்தியும் குறும்பகற் செடியே. தண்டு நீளும்வரை நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கெரித்து மொட்டுக் கட்டாமல் நிறுத்துவர். பின்னர் விளக்கை நிறுத்தி, பகல் நீண்ட மாதங்களில் கருந்துணியால் மூடி, நாள்தோறும் 13 மணி நேரத்திற்குக் குறையாத இருளைத் தருவர். அத்துணியில் ஓட்டை இருப்பினும், இருளில் ஒருவர் விளக்குடன் நுழைந்தாலும் மொட்டு சீராக வாராது. விளக்கின் வலிமையைக் கூட்டி இக்குறையை நீக்க இயலாது.

ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். ஆவணியில் மொட்டு வைக்காத செவ்வந்தித் தொட்டிகள் இரண்டை எடுத்துக்கொள்க. ஒன்றை இரவு முழுதும் இருளில் வைக்க. மற்றதற்கு இரவு 11 மணி முதல் 2 மணி வரை சிறு விளக்கொளி தருக. பகலில் இரண்டிற்கும் ஒரே வெயிலும் நீரும் கிடைக்கட்டும். மாணவர் நாள்தோறும் மொட்டுகளை எண்ணிக் குறித்து வருவாராயின், விளக்கொளி பெற்ற செடி பிந்துவதைத் தாமே கண்டறிவர்.