புதிய பொருளைக் காண்பது எவ்வாறு?

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த நம் தமிழ் மக்களின் பிள்ளைகளுள் பலர், இன்று ராபர்ட்சன்பேட்டைப் பகுதியிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். வேலையைத் தேடிச் செல்வது ஒரு வழி. வேலையை உண்டாக்கும் பொருளொன்றை ஆக்குவது மற்றொரு வழி. பின்னதைக் கற்பிப்பதே பொருள் வடிவமைப்புக் கல்வி. புதிய எண்ணத்தை எங்கே தேடுவது, கிடைத்தவற்றுள் எதைக் கொள்வது என்பனவே அக்கல்வியில் மாணவருக்கு எழும் முதல் ஐயங்கள்.

எண்ணம் வினாவிலிருந்து பிறக்கிறது. இந்திய அரசின் அழைப்பை ஏற்று 1958இல் அறிக்கை அளித்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்சும் ரே ஈம்சும், நம் வீட்டுச் செம்பையே சிறந்த எடுத்துக்காட்டாகக் கொண்டனர். எவ்வளவு நீர்? எடுப்பது யாருடைய கை? சுமப்பது தலையிலா, இடுப்பிலா? விலை என்ன? இவ்வாறு வினாக்களை அடுக்கினர். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியதற்கு அவ்வறிக்கையே வித்து.

ராபர்ட்சன்பேட்டை மாணவர் குழு ஒன்று, தெருக்குழாயிலிருந்து நீர் சுமக்கும் மூதாட்டியின் துன்பத்தைக் களைய முற்படுவதாகக் கொள்வோம். "புதிய குடம் செய்க" என்று தொடங்கினால் குடங்களே பிறக்கும். "பதினைந்து லிட்டர் நீர் இடுப்பு நோகாமல் வீடு சேர வேண்டும்" என்று தொடங்கினாலோ வண்டி, உருளை, முதுகுப்பை, நீண்ட குழாய் என வழிகள் பல தோன்றும்.

இவ்வேளையில் எந்த எண்ணத்தையும் பழித்தல் கூடாது என்று அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்பார் 1953இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். ஆயினும், கூடிப் பேசுவோரைவிடத் தனித்தனியே எழுதிப் பின்னர் தொகுப்போரே மிகுதியான எண்ணங்களைத் தருகின்றனர் என 1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆகவே முதலில் ஒவ்வொருவரும் தனியே எழுதுதல் நன்று.

அடுத்தது தேர்வு. இங்கே குரல் உயர்ந்தவரின் எண்ணமே வென்றுவிடுதல் இயல்பு. இதனைத் தடுக்க, பிரிட்டானியப் பொறியியலறிஞர் ஸ்டூவர்ட் பியூ 1981இல் எளிய அட்டவணை முறையொன்றை விளக்கினார். இப்போதுள்ள குடத்தையே அளவுகோலாக வைத்து, விலை, எடை, தூய்மை, பழுதுபார்க்கும் வசதி ஆகிய ஒவ்வொன்றிலும் புதிய எண்ணம் மேலாயின் கூட்டல் குறியும், தாழ்வாயின் கழித்தல் குறியும், ஒத்திருப்பின் சமக்குறியும் இடவேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் 1991இல் உருவான, உருட்டிச் செல்லும் நீர்க்கலம் 90 லிட்டர் கொள்ளும். நெடுந்தொலைவு நடப்போர்க்கு அது நல்ல துணை. வாசற்படியும் சாக்கடையும் குறுக்கிடும் குறுகிய சந்திலோ, நிரம்பிய அக்கலத்தைத் தூக்கவும் இயலாது. அவ்விடத்தில் கழித்தல் குறி விழும். அக்குறி கண்டு எண்ணத்தை உடனே கைவிட வேண்டுவதில்லை. கலத்தைச் சிறிதாக்கினால் என்ன என்று அது மாணவரைக் கேட்கிறது.

இவ்வட்டவணையின் குறிகளை மாணவர் மட்டுமே இட்டால் போதாது. அட்டையாலும் மூங்கிலாலும் ஒரு மாதிரி செய்து, அம்மூதாட்டியின் கையில் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். அவர் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பழைய குடத்தையே எடுப்பாராயின், அட்டவணையைத் திருத்துவதே முறை.