வாரம் 42 நிமிடம்: டென்வர் காய்கறித் தோட்டங்கள் தந்த கணக்கு

அமெரிக்காவின் டென்வர் நகரில் தக்காளி நாற்று நட மே பாதி தாண்ட வேண்டும். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். மே முதல் வாரத்தில்கூட இரவு உறைபனி நாற்றைக் கருக்கிவிடும். அது ஓய்ந்தால் ஆலங்கட்டி மழை. மேகம் கறுத்தாலே பொதுத் தோட்டத்தில் பாத்தி வைத்திருப்பவர்கள் வலையும் துணியுமாக ஓட வேண்டும். ஒருவர் வெளியூர் போனால் பக்கத்துப் பாத்திக்காரர் தண்ணீர் விடுவார்.

இந்த ஓட்டம் உடம்புக்கு என்ன செய்கிறது?

சோதனையில் தெரிந்தது

கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜில் லிட் குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். டென்வர் பகுதியின் 37 தோட்டங்கள், 291 பேர். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்குப் பாத்தி, விதை, நாற்று, அடிப்படைப் பயிற்சி எல்லாம் இலவசம். மற்றவர்கள் அடுத்த ஆண்டுவரை காத்திருந்தார்கள்.

2023இல் முடிவு வெளியானது. பாத்தி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நாளுக்கு 1.4 கிராம் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டார்கள். உடலுழைப்பு வாரத்துக்குச் சுமார் 42 நிமிடம் கூடியது. மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. உடல் எடையிலும் இடுப்புச் சுற்றளவிலும் மட்டும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. தோட்டம் போட்டால் தொப்பை கரையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

1.4 கிராம் அற்பமாகத் தோன்றலாம். தினம் 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். சராசரி அமெரிக்கர் சாப்பிடுவதோ 16 கிராம் அளவுதான். மாத்திரை எதுவும் விழுங்காமல் இவ்வளவு கூடியது பெரிய விஷயம்.

பறித்தால்தான் தட்டுக்கு வரும்

கோடைத் தொடக்கத்தின் முதல் வரவு முள்ளங்கி. விதைத்த ஒரு மாதத்துக்குள் பிடுங்கிவிடலாம். பட்டாணியும் லெட்யூஸ் கீரையும் கூடவே வரும். லெட்யூஸ் வெயில் ஏற ஏற நடுவில் பூத்தண்டு விடும். அந்தத் தண்டைக் கிள்ளினால் வெள்ளைப் பால் கசியும். தண்டு விட்டபின் இலையும் கசந்துபோகும். அதற்கு முன்பே வெளி இலைகளைக் கிள்ளிக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு வாரம் எட்டிப் பார்க்காவிட்டால் போயிற்று. பறித்துக் கொண்டுபோன கீரையை வீணாக்க மனம் வராது. அன்றைக்கே சாப்பாட்டில் சேரும்.

கவனிக்க வேண்டியவை

உயரமான ஊர்களில் புற ஊதாக் கதிர் கடுமை. தொப்பி, முழுக்கைச் சட்டையோடு காலை பத்து மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது. தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும். முள்ளும் கம்பியும் குத்தும் வேலை இது; டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய நகர்ப்புற மனைகளின் மண்ணில் பெயின்ட் வழியாகவும் பெட்ரோல் புகை வழியாகவும் சேர்ந்த ஈயம் இருக்கக்கூடும். மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பலகை அடித்து, நல்ல மண் நிரப்பிய மேட்டுப்பாத்தியில் பயிரிட வேண்டும். தக்காளி போன்ற காய்களைவிடக் கீரையிலும் கிழங்கிலும்தான் ஈயம் அதிகம் ஒட்டும், சேரும். அவற்றை நன்றாகக் கழுவ வேண்டும். குழந்தைகள் மண் கையோடு எதையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.