கடல்ல கால் கிழிஞ்சா முதல்ல ஓடி வர்றது யாரு? தோலைக் காக்கும் 'காம்ப்ளிமென்ட்' படை!

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1960-களின் தொடக்கத்தோடு நின்னுபோச்சு. ஆனா, திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போறவங்க இன்னும் இருக்காங்க. பார்ல உரசும் முழங்கால், சிப்பி ஓடு கிழிச்ச உள்ளங்கை, மீன் முள் குத்திய விரல்... இங்கே கடல் தொழில்ல இதெல்லாம் தினசரி கதை. பீச்சுக்குப் போற உங்களுக்கும் இது நடக்கலாம்.

தோல் கிழிஞ்ச அடுத்த சில நிமிடங்களில் என்ன நடக்குதுன்னு தெரியுமா?

ரத்தத்தில் காத்திருக்கும் படை

நம் ரத்தத்தில் 30-க்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த ஒரு அணி இருக்கு. பெயர், காம்ப்ளிமென்ட் சிஸ்டம். பெரும்பகுதி தயாராவது கல்லீரலில். தோலின் மேலடுக்குச் செல்களும் சிலவற்றைத் தயாரிக்கின்றன.

1890-களில் பெல்ஜியம் விஞ்ஞானி ஜூல்ஸ் போர்டே இதைக் கவனித்தார். ரத்தச் சீரத்தைச் சூடாக்கினால் அதன் கிருமி கொல்லும் சக்தி போய்விடுகிறது. சூடாக்காத புதுச் சீரத்தைக் கொஞ்சம் சேர்த்தால் சக்தி திரும்புகிறது. ஆக, ஆன்டிபாடிக்குத் துணையாக இன்னொன்று இருக்கிறது! 1919-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மூணு வேலை

* அடையாளம் வைப்பது: 'சி3' என்ற புரதம் உடைந்து, அதன் ஒரு துண்டு கிருமி மேல் ஒட்டிக்கொள்ளும். வெள்ளணுக்கள் அதைப் பார்த்து விழுங்கிவிடும்.

* ஆள் கூப்பிடுவது: மற்ற துண்டுகள் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி வெள்ளணுக்களை வரவழைக்கும். காயம் சிவந்து வீங்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

* ஓட்டை போடுவது: சில புரதங்கள் வளையமாகக் கூடி, சில வகைக் கிருமிகளின் சவ்வில் துளை போடும். கிருமி காலி.

நம் செல்களில் 'இது நம்ம ஆளு' என்று சொல்லும் காவல் புரதங்கள் இருப்பதால் அவை தப்பிக்கின்றன. இந்தக் கட்டுப்பாடு தவறினால், படை நம் தோலையே தாக்கும். கொப்புளம் வரும் சில தோல் நோய்களில் இந்தப் படைக்கும் பங்கு உண்டு.

கல்லீரல் கெட்டால் காயமும் கெடும்

வெதுவெதுப்பான கடல்நீரிலும் கழிமுகத்திலும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. அதன் வெளி உறை காம்ப்ளிமென்ட் தாக்குதலைத் தாங்கும். இதனால் வரும் தொற்று அரிது. வந்தால் வேகம் அதிகம். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. காம்ப்ளிமென்ட் தயாரிக்கும் ஃபேக்டரியே பழுதாகியிருப்பது அதற்கு ஒரு காரணம். 'குடிச்சா கல்லீரல்தானே போகும்'னு நினைக்கிறவங்க இதை யோசிங்க. காலில் பட்ட கீறலும் அந்தக் கல்லீரலை நம்பித்தான் இருக்கு.

என்ன செய்யணும்?

கடல்ல காயம் பட்டா, உப்புத் தண்ணி போதும்னு விடாதீங்க. நல்ல தண்ணீரை ஓடவிட்டு, சோப் போட்டுக் கழுவுங்க. காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாச்சுன்னு பாருங்க.

லேசான சிவப்பும் வீக்கமும் படை வேலை செய்யுதுங்கிறதோட அறிகுறி. ஆனா, சில மணி நேரத்திலேயே சிவப்பு பரவினால், தோல் ஊதா நிறமானால், கொப்புளம், காய்ச்சல், தாங்க முடியாத வலி வந்தால், காலையில பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. 'கடல்ல பட்ட காயம்'னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. கல்லீரல் பிரச்னை இருந்தா அதையும் சேர்த்துச் சொல்லுங்க!